நாக்கைச் சுடாத சுண்ணாம்பு

இன்று காலை உன் வீட்டு வாசலில் சுண்ணாம்பு நீற்றினார்கள். கருமாதி முடிந்துவிட்டது, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமே. காளவாயில் சுட்ட கல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது சீறிக்கொண்டு கொதித்தது. ஆவி தெருவைத் தாண்டி எதிர்வீடான என் வீட்டுக்குள் வந்தது. அந்த வாசனைக்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். இருபது வருஷப் பழக்கம், நீ போய்ப் பதினாறு நாள். எனக்கு வந்தது கோபம்தான்.

தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவள் என் தங்கை முனியம்மாள். உன் வீட்டு வெள்ளையடிப்பு வேலைக்கு அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள், அவளும் போயிருந்தாள். கொதிப்பு அடங்கியதும் விரல் நுனியால் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகுதான் மட்டையை நனைத்தாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இறந்தவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கம். உன் பள்ளிக்கூடத்தில் போன வாரம் இரங்கல் கூட்டம் போட்டார்கள். ஒருவர் உன்னை அறிவுக்கடல் என்றார். இன்னொருவர், சயன்ஸ் பாடத்தை இவரைப்போல் விளங்கச் சொன்னவர் இந்தத் தாலூகாவிலேயே இல்லை என்றார். விளங்கச் சொன்னாயாம்! நான் பின்வரிசை பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன், உன் பெண்டாட்டி முன்னால் அது நன்றாக இருந்திருக்காது.

நல்லதும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தாலூகா ஆபீஸ் புளியமரத்தடியில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், இண்டூர்ப் பக்கத்தில் பனை ஏறும் குடும்பத்தில் பிறந்தவன். நீ ஹைஸ்கூல் வாத்தியார். என்னிடம் கையெழுத்து இருந்தது, உன்னிடம் இங்கிலீஷ் இருந்தது. இங்கிலீஷில் வரும் காகிதங்களை உன்னிடம் கொண்டுவருவேன், நீ படித்துச் சொல்வாய், நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். ஒரு சல்லிக்காசு நீ வாங்கியதில்லை. அந்தப் பெருமையில் உனக்குக் கொஞ்சம் தலை கனத்திருந்தது, அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு வருஷம் நாம் இரண்டு பேரும் தீர்த்தமலைக்கு நடந்தே போனது நினைவிருக்கிறதா? மேலே, பாறையிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "கால்கேரியஸ்" என்றாய். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "சுண்ணாம்புச் சத்து உள்ளது எதுவோ அது கால்கேரியஸ். முட்டை ஓடு, சிப்பி, சுக்கான் கல், நான் போர்டுல எழுதுற சாக்பீஸ், எல்லாம் ஒரே ஜாதி" என்று படியில் உட்கார்ந்து விளக்கினாய். சாமி கும்பிட வந்தவர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இறங்கும்போது நான் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தேன். இந்தக் கிழவர் பல்லு? கால்கேரியஸ். அந்த நத்தைக் கூடு? கால்கேரியஸ். சுவருக்கு அடித்திருக்கிற வெள்ளை? அதுவும். அன்றிலிருந்து உனக்கு அதுதான் பெயர். தெருவில் நின்று "டேய் கால்கேரியஸ்" என்று கத்துவேன், நீ மாணவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு சிரிப்பாய்.

அந்த விளையாட்டுச் சொல்தான் என் தங்கை குடும்பத்தைத் தின்றது.

நம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கு மரம் சீவினால் ஜெயில். தெளுவுக்கு மட்டும் லைசென்ஸ். தெளுவு என்றால் பதநீர், உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு பூசிப் பாளையில் கட்டினால் இறங்குவது இனிப்பாகவே இருக்கும், காய்ச்சினால் கருப்பட்டி. பூசாமல் கட்டினால் விடிவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். சட்டத்துக்கும் ஜெயிலுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு பூச்சுதான். முனியம்மாள் புருஷன் மாதையன் லைசென்ஸ் வாங்கினான். கள் இறக்கிய கை, கருப்பட்டிக்குத் திரும்பியது. முகம் சுளிக்காமல் திரும்பினான்.

அந்த வருஷம் மாசிக் கடைசியில் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. காளவாய்க்காரர் சுட்ட கல் முழுவதையும் யாரோ ஒரு காண்ட்ராக்டரின் கட்டடத்துக்கு வண்டி வண்டியாக அனுப்பிவிட்டார். அடுத்த சூளை பிரிக்கப் பத்து நாளாகும் என்றார். பாளையை இரண்டு நாள் சீவாமல் விட்டால் வாய் காய்ந்துவிடும், பிறகு அந்த வருஷத்துக்கு அந்தப் பாளை இல்லை. மாதையன் என்னிடம் ஓடிவந்தான். கையில் லைசென்ஸோடு கொடுத்த இங்கிலீஷ் நோட்டீஸ். நான் அவனை உன்னிடம் அழைத்து வந்தேன்.

உன் வீட்டுக் கூடத்தில், சாயங்கால வெளிச்சத்தில், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாய். ஓரிடத்தில் விரலை வைத்தாய். உன் முகம் மலர்ந்தது. உனக்குப் பிடித்த சொல் அதில் இருந்தது.

"இதப் பாருடா. சுண்ணாம்போ, அல்லது அதுமாதிரி கால்கேரியஸ் பொருளோ பூசணும்னு போட்டிருக்கான். சுண்ணாம்பேதான் வேணும்னு இல்ல."

மாதையன் கையைக் கட்டிக்கொண்டு, "அப்புடின்னா என்னங்க வாத்தியாருங்களே?" என்றான்.

"சுண்ணாம்புச் சத்து உள்ளது எது வேணாலும். உங்க கிணத்து மேட்டுல வெள்ளையா சுக்கான் கல்லு குமிஞ்சு கெடக்குதே, அதுவே போதும்."

"கல்லச் சுடாதயேங்களா?"

கேட்டான். அவன் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. நீ பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பள்ளிக்கூடத்து ஆசிட் பாட்டிலைக் கொண்டுவந்து, மாடத்தில் கிடந்த ஒரு சுக்கான் துண்டைத் தரையில் வைத்து அதன் மேல் நாலு சொட்டு விட்டாய். புசுபுசுவென்று பொங்கியது. "பாத்தியா? இதைவிட என்ன சாட்சி வேணும்? பூசிப் பாருங்கப்பா, ஒண்ணும் ஆவாது" என்றாய். மாதையன் அந்தத் துண்டைத் தொட்டுக் கும்பிட்டான். நான் அங்கேயே உட்கார்ந்து, சுண்ணாம்புச் சத்துள்ள எந்தப் பொருளையும் பூசலாம் என்று தமிழில் எழுதி அவன் கையில் கொடுத்தேன்.

பொங்கியதைப் பற்றி எனக்குப் பிற்பாடு ஒரு கம்பவுண்டர் சொன்னார். பொங்கினால் அது சுடாத கல் என்றுதான் அர்த்தமாம். கல்லுக்குள் இருக்கிற வாயு நெருப்பில் போய்விடுகிறது, அதனால் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் அதே ஆசிட்டை விட்டால் சத்தமில்லாமல் கரையுமாம், இப்படிப் பொங்காதாம். இரண்டிலும் இருப்பது ஒரே சத்து, ஆனால் கள்ளாகாமல் தடுக்கிற காரம் சுட்டதில்தான் இருக்கிறது. இது நீ வருஷா வருஷம் பாடம் நடத்தியது! நீயே போர்டில் எழுதி, நீயே பரீட்சையில் கேள்வி கேட்டு, எழுதாதவனுக்கு நீயே முட்டை போட்டது. இது தவறு என்பதற்கான சாட்சியை எங்கள் கண் முன்னால் பொங்கவிட்டு, இதுதான் சரி என்று காட்டினாய். பள்ளிக்கூடத்துக்கு வெளியில் அந்தப் பாடம் உனக்கு எங்கே போயிற்று?

மறுநாள் மாதையன் சுக்கான் கல்லை உடைத்தான், முனியம்மாள் அம்மியில் அரைத்தாள். கலயங்களைக் கழுவிக் காயவைத்துப் பூசினார்கள். பார்வைக்குச் சுண்ணாம்பைவிட வெள்ளை. சாயங்காலம் கட்டினான். அடுத்த நாள் விடிந்ததும் முதல் கலயத்தை இறக்கியவன் நுரையைப் பார்த்தான். முகர்ந்தான். ஏழு மரத்திலும் ஏறி ஏழையும் இறக்கினான். எல்லாம் கள். அந்த மனுஷன் அப்போது என்ன செய்தான் தெரியுமா? ஒரு வாய் குடிக்கவில்லை, ஒளிக்கவில்லை. லைசென்ஸுக்குப் பங்கம் வந்துவிடும் என்று ஒவ்வொன்றாகத் தரையில் கவிழ்த்தான். நாலாவது கலயத்தைக் கவிழ்க்கும்போது மதுவிலக்கு போலீஸ் வரப்பில் ஏறி வந்தது. கள் இறக்கியதோடு தடயத்தையும் அழித்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

கோர்ட்டுக்கு உன்னைக் கெஞ்சி அழைத்து வந்தேன். நீ வரத் தயங்கினாய். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, ஹெட்மாஸ்டர் முறைக்கிறார் என்றாய். ஆனாலும் வந்தாய், கோட்டு மாட்டிக்கொண்டு. நீ கூண்டில் ஏறியபோது மாதையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துவிட்டான்.

மேஜிஸ்ட்ரேட் நேரடியாகத்தான் கேட்டார். சுண்ணாம்புக்குப் பதில் சுக்கான் கல்லைப் பூசச் சொன்னது நீரா? நீ கால்கேரியஸ் என்றால் என்ன என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாய். லத்தீனில் எங்கிருந்து வந்தது என்றாய். முட்டை ஓடு வந்தது, சிப்பி வந்தது. தீர்த்தமலைப் படியில் நீ சொன்ன அதே வரிசை. அவர் பொறுமையிழந்து மறுபடி கேட்டார். அப்போது சொன்னாய்: "நான் அந்தச் சொல்லின் பொருளைச் சொன்னேன். பயனைச் சொல்லவில்லை. பொருள் வேறு, பயன் வேறு."

பொருள் வேறு, பயன் வேறு. பதினோரு வருஷமாக இந்த நாலு வார்த்தையை மென்று துப்ப முடியாமல் திரிகிறேன். பனை ஏறுகிறவன் இங்கிலீஷ் அகராதிக்கு உரை கேட்கவா உன் வாசலுக்கு வந்தான்? கலயத்தில் எதைப் பூசட்டும் என்று கேட்டான். பூசிப் பாருங்கப்பா என்றாயே, அது பொருளா, பயனா? நீ பொய் சொல்லக்கூட இல்லை. பொய் சொல்லியிருந்தால் உன்னை ஒரு கோழை என்று மன்னித்திருப்பேன். உண்மையில் பாதியை நறுக்கி எடுத்து, அதில் கோட்டு கசங்காமல் ஏறி நின்றுகொண்டாய்.

மூன்று மாதம். லைசென்ஸ் ரத்து. சேலம் ஜெயிலிலிருந்து வந்த மாதையன் திரும்ப மரம் ஏறவில்லை. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துக்குப் போனான். இரண்டாம் வருஷம் குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்து, என் வீட்டு நடையில் பாய் போட்டுப் படுத்து, எழுந்திருக்கவேயில்லை. உன் பெயரை அவன் ஒரு தடவைகூடக் கெட்ட வார்த்தையோடு சேர்த்துச் சொன்னதில்லை. "வாத்தியாரு என்ன பண்ணுவாருங்க மச்சான், படிச்சத சொன்னாரு" என்பான். எனக்கு அவன் மேலும் எரிச்சல் வரும். பிறகு யுத்த காலத்தில் மதுவிலக்கையே நிறுத்திவைத்தார்கள். அதே கள், அதே மரம், கடை போட்டு விற்றார்கள். அதைக் குடித்துவிட்டுத் தள்ளாடியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாதையன் கவிழ்த்த கலயங்கள்தான் கண்ணில் நின்றன.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நீ புளியமரத்தடிக்கு வந்தாய். துணிப்பையில் இரண்டு பாட்டில், இரண்டிலும் தெளுவு. ஒன்றில் நீற்றிய சுண்ணாம்பு, இன்னொன்றில் சுக்கான் தூள். "ஒரு தடவ மோந்து பாருடா. ரெண்டும் கால்கேரியஸ்தான், ஆனா..." என்று ஆரம்பித்தாய்.

நான் நிமிரவில்லை. "மனு எழுதணும்னா வரிசையில நில்லுங்க சார்" என்றேன். நம் பழக்கத்தில் நான் உனக்குப் போட்ட முதல் ங்க அது.

நீ நின்றாய். கொளுத்துகிற வெயிலில், பட்டா மாற்றத்துக்கு வந்த நாலு பேருக்குப் பின்னால், இரண்டு பாட்டிலையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாய். நாலாவது ஆள் நகர்ந்ததும் நான் மைக்கூட்டை மூடி, பலகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. எதிரெதிர் வீடு, ஒரே தெரு. நீ வாசலில் நின்றால் நான் உள்ளே போவேன். அப்படியே நீ போய்ச் சேர்ந்தாய்.

அன்று செய்ததற்கு எனக்கு வெட்கமில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மேலே ஒன்றை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. சுக்கானை அரைத்த அன்று நான் அங்கே இருந்தேன். என் தங்கை வெற்றிலை போடுகிறவள். அம்மியிலிருந்து வழித்த விழுதைப் பூசுவதற்கு முன்னால் துளி எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் மாறியது.

"ண்ணா, இது நாக்குல ஒறைக்கவே இல்லியே. வெறும் மண்ணாட்டம் இருக்குது. நாக்கச் சுடாத சுண்ணாம்பு என்ன சுண்ணாம்பு?"

மாதையன் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கும் அதே சந்தேகம்தான், உன்னிடம் கேட்டும் இருந்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பாளை போனால் போகிறது என்று விட்டிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிச்சவன் ஆசிட்ட ஊத்திப் பொங்க வச்சுக் காட்டியிருக்கான். ஒன் நாக்கு அதவிடப் பெருசா? பேசாம பூசு." அவள் பேசாமல் பூசினாள்.

கோர்ட்டில் நீ பாதி உண்மையில் நின்றாய் என்று எத்தனை பேரிடம் திட்டியிருப்பேன். மீதிப் பாதியை நான் வேட்டியில் முடிந்துவைத்திருந்தேன். நீ இரண்டு பாட்டிலோடு வந்து நின்றபோது, அதை மோந்து பார்க்க எனக்குப் பயம். மோந்தால், அவள் சொன்னது சரி என்று நானும் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாப் பழியையும் உன் தலையில் ஏற்றி உன்னை வெயிலில் நிறுத்திவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த வழக்குக்குப் பிறகு என் தொழிலில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எந்தக் காகிதத்தைப் படித்துச் சொன்னாலும், "இத வூட்டுக்குப் போயி எப்புடிச் செய்வீங்க, சொல்லுங்க" என்று கேட்காமல் விடுவதில்லை. கூட வந்த பொம்பளைகளையும் கேட்பேன். ஆட்கள் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள். இதை உன்னால் கற்றேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முனியம்மாளின் வாயை அடைத்ததால் கற்றேன் என்பதுதான் நிஜம்.

இவ்வளவும் எழுதி முடிக்கும்போது அவள் வந்துவிட்டாள். கை முழங்கை வரை வெள்ளை. உன் கூடத்துக்கு இரண்டு பூச்சு அடித்தாயிற்று, ஆசிட் பட்டுக் கறுத்திருந்த தரையை மட்டும் உன் பெண்டாட்டி கழுவ விடவில்லை என்றாள். நான் எதிரே கிடந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்குண்ணா மனு?"

"வாத்தியாருக்கு. திட்டி எழுதுறேன்."

அவள் நின்று, முந்தானையில் நெற்றியைத் துடைத்தாள். "அவர எதுக்குத் திட்டுற? அவருகிட்ட நான் சொல்லல. ஒங்கிட்டதான் சொன்னேன்."

குரலை உயர்த்தவில்லை. பதினோரு வருஷத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. அவள் என் பக்கத்தில் வந்து, விரல் நுனியில் ஒட்டியிருந்த ஈரச் சுண்ணாம்பைக் காட்டினாள்.

"நாக்க நீட்டு" என்றாள்.

உன் மேல் உள்ள கோபம் தீரவில்லை, தீர வேண்டாம், அதற்கு நீ தகுதியானவன்தான். ஆனால் அது இனி உனக்கு மட்டும் சொந்தமில்லை. நாக்கை நீட்டினேன். வைத்துவிட்டு அவள் கை கழுவப் போய்விட்டாள். பக்கத்தில் சொம்பில் தண்ணீர் இருக்கிறது, இன்னும் குடிக்கவில்லை. நாக்கு எரிகிறது.